மாணவர் விசாவில் குடும்பம்: சேர்ந்தே போவதா, ஒருவர் முன்னே போவதா?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் அலுவலகங்களின் போர்டுகளில் ‘குடும்பத்தோடு போகலாம்’ என்ற வரி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2023 வரை அது ஏறத்தாழ உண்மை. 2024 ஜனவரிக்குப் பிறகு பிரிட்டனும் கனடாவும் அடுத்தடுத்து விதிகளை இறுக்கிவிட்டன. போர்டை மட்டும் யாரும் மாற்றவில்லை.

கல்யாணமானவர்கள் முதலில் கேட்பது ‘எந்த நாடு நல்லது?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: படிப்பு எந்த நிலை, எத்தனை மாதம்? ஒரே நாட்டில், ஒரே ஊரில், ஒரு படிப்புக்குத் துணைவர் முழுநேரம் வேலை செய்யலாம். பக்கத்துக் கட்டடத்தில் நடக்கும் வேறொரு படிப்புக்குத் துணைவருக்கு விசாவே கிடையாது. ஃபீஸ் குறைவு என்று ஒரு கோர்ஸைப் பிடித்துவிட்டு, பிறகு குடும்பத்தை எப்படிச் சேர்ப்பது என்று யோசிப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே தரும் தொகைகள் 2025-இன் கடைசி நிலவரம். பணம் கட்டும் நாளில் அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

பிரிட்டன்: பிஎச்.டி என்றால் மட்டும்

2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், சாதாரண எம்.எஸ்சி., எம்.பி.ஏ. படிக்கப் போகிறவர் துணையையோ பிள்ளையையோ அழைத்துச் செல்ல முடியாது. பிஎச்.டி., ஆராய்ச்சி வழியிலான முதுகலை, அரசு உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேல் படிப்பது ஆகியவற்றுக்குத்தான் அனுமதி. ‘எம்.எஸ்சி. முடித்ததும் கிராஜுவேட் விசா (படிப்புக்குப் பின் தங்கி வேலை பார்க்கும் விசா) கிடைக்கும், அப்போது கூட்டிக்கொள்ளலாம்’ என்று சிலர் சொல்வார்கள். அதுவும் நடக்காது. மாணவர் விசாவிலேயே உங்களைச் சார்ந்தவராக இருந்தவர்தான் கிராஜுவேட் விசாவிலும் தொடர முடியும். புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. ஆக எம்.எஸ்சி. ஓராண்டும் அதன்பின் இரண்டாண்டும் சேர்ந்து மூன்றாண்டுப் பிரிவு என்று எழுதி வைத்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த இரண்டாண்டு பதினெட்டு மாதமாகக் குறைகிறது.

பிஎச்.டி. கிடைத்தவர்களுக்குப் பிரிட்டன் நல்ல நாடுதான். துணைவர் ஏறத்தாழ எந்த வேலையும் முழுநேரம் பார்க்கலாம். பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால் நுழையும்போதே பெரிய தொகை போய்விடும். லண்டனுக்கு வெளியே என்றால் மாணவருக்கு மாதம் 1,171 பவுண்டு, துணைவருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 680 பவுண்டு என்று ஒன்பது மாதக் கணக்கு காட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்றால் 22,779 பவுண்டு. இது கையில் இருப்பதாகக் காட்டும் பணம். செலவாகும் பணம் வேறு: ஆளுக்கு விசாக் கட்டணம் 524 பவுண்டு, அதற்கு மேல் மருத்துவ சர்சார்ஜ் (அரசு மருத்துவச் சேவைக்காக முன்கூட்டியே கட்டும் தொகை) ஆண்டுக்கு ஆளுக்கு 776 பவுண்டு. விசா நான்கு ஆண்டு என்றால் மூன்று பேருக்கு சர்சார்ஜ் மட்டும் 9,312 பவுண்டு. பவுண்டை 115 ரூபாய் என்று பிடித்தாலே 10 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய், விண்ணப்பம் போடும் அன்றைக்கே கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் சர்சார்ஜ் திரும்பி வரும். விசாக் கட்டணம் வராது.

பலர் கவனிக்காத விதி ஒன்று. மனைவி பிஎச்.டி.க்குப் போகிறார், கணவர் இங்கேயே வேலையில் இருக்கிறார், பிள்ளையை மட்டும் அம்மா கூட்டிப் போகலாம் என்று குடும்பம் நினைக்கும். பிரிட்டனில் பிள்ளைக்கு விசா வேண்டுமென்றால் பெற்றோர் இருவரும் அங்கே இருக்க வேண்டும், அல்லது சேர்ந்து போக வேண்டும். ஒருவரே முழுப்பொறுப்பு என்பதைத் தகுந்த ஆதாரத்தோடு காட்டினால்தான் விலக்கு. அப்பா உயிரோடு, நல்ல உறவோடு ஊரில் இருக்கும்போது அதைக் காட்ட முடியாது.

நர்சிங் படித்தவர்கள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் என்ற அளவில் இருப்பதால் ஒரு இடைச்சொல். பி.எஸ்சி. நர்சிங்கும் அனுபவமும் உள்ளவர் ‘முதலில் ஒரு எம்.எஸ்சி.’ என்று மாணவர் விசாவில் பிரிட்டன் போவது பெரும்பாலும் தவறான வாசல். பதிவு பெற்ற நர்சாக ஹெல்த் அண்ட் கேர் வேலை விசாவில் போனால் கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம், மருத்துவ சர்சார்ஜும் இல்லை. கேர் ஒர்க்கர் (முதியோரையும் இயலாதோரையும் பராமரிப்பவர்) வேலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: அவர்களுக்குக் குடும்பத்தை அழைக்கும் உரிமை 2024 மார்ச்சில் போனது, 2025 ஜூலையோடு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றது.

கனடா: பதினாறு மாதம் என்ற கோடு

2025 ஜனவரி 21 முதல் கனடாவில் மாணவரின் துணைவருக்கு ஓப்பன் ஒர்க் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி) கிடைக்க, மாணவர் பிஎச்.டி. படிக்க வேண்டும், அல்லது 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும், அல்லது நர்சிங், பி.எட்., இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம் போன்ற குறிப்பிட்ட தொழிற்படிப்புகளில் ஒன்றில் இருக்க வேண்டும். கல்லூரிகளின் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ, அது இரண்டாண்டாக இருந்தாலும், இந்தக் கணக்கில் வராது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் எடுத்தது அந்த டிப்ளமோவைத்தான்.

12 மாத மாஸ்டர்ஸும் 16 மாத மாஸ்டர்ஸும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தால், ஃபீஸ் கூடுதலாக இருந்தாலும் பதினாறு மாதத்தை எடுப்பதே கணக்குக்குச் சரி. துணைவர் ஓராண்டுக்கு மேல் சம்பாதிப்பது அந்தக் கூடுதல் ஃபீஸை எளிதில் மிஞ்சும். அட்மிஷன் கடிதத்தில் படிப்பின் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘நான்கு செமஸ்டர்’ என்று மட்டும் போட்டிருந்தால், மாதக் கணக்கில் நீளத்தைச் சொல்லும் கடிதம் ஒன்றைப் பல்கலைக்கழகத்திடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். துணைவரின் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி நமக்காக எண்ணிப் பார்ப்பார் என்று நம்பக் கூடாது.

காட்ட வேண்டிய பணம் 2025 செப்டம்பர் 1 முதல் ஒருவருக்கு 22,895 கனடா டாலர், இருவருக்கு 28,502, மூவருக்கு 35,040, நால்வருக்கு 42,543. முதலாண்டு ஃபீஸும் பயணச் செலவும் இதற்கு மேல். பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு: படிக்கவோ வேலை செய்யவோ அனுமதி பெற்ற பெற்றோரோடு இருக்கும் மைனர் பிள்ளை தனி ஸ்டடி பெர்மிட் இல்லாமலே பள்ளியில் படிக்கலாம். பள்ளிக் கட்டணம் உண்டா இல்லையா என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அதைப் பல்கலைக்கழகத்திடம் கேட்காதீர்கள், அந்த ஊரின் ஸ்கூல் போர்டுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

படிப்பு முடிந்தபின் அழைத்துக்கொள்ளலாமா? அங்கேயும் வாசல் ஒடுங்கிவிட்டது. படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் உயர்நிலை வேலையிலோ பட்டியலிட்ட சில துறைகளிலோ இருந்தால்தான் துணைவருக்கு ஒர்க் பெர்மிட். அதுவும் அவருடைய பெர்மிட்டில் இன்னும் 16 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். கடையில் கேஷியராக நிற்பவரால் அழைக்க முடியாது.

ஆஸ்திரேலியா: சொல்லாமல் விட்டால் போச்சு

இங்கே பேசும் ஐந்து நாடுகளில் எம்.எஸ்சி. படிப்பவருக்குக் கதவை அகலத் திறந்து வைத்திருப்பது இதுதான். சப்கிளாஸ் 500 மாணவர் விசாவில் துணைவரையும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் சேர்க்கலாம். மாணவர் மாஸ்டர்ஸோ பிஎச்.டி.யோ படித்தால் துணைவருக்கு வேலை நேரக் கட்டுப்பாடே இல்லை. டிகிரி, டிப்ளமோ படித்தால் துணைவருக்கும் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். மாணவரின் வகுப்பு தொடங்கிய பிறகே யாரும் வேலையில் சேரலாம். பிப்ரவரி கடைசியில் வகுப்பு என்றால், ஜனவரியிலேயே போய் இறங்கி வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

இங்கே எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் விண்ணப்பத்திலேயே குடும்பத்தை அறிவித்துவிடுவது. இப்போது வரவில்லை, ஒரு வருடம் கழித்துத்தான் வருவார்கள் என்றாலும் பெயர், பிறந்த தேதி எல்லாம் படிவத்தில் இருக்க வேண்டும். ‘கல்யாணமானவர் என்று போட்டால் விசா கிடைக்காது, சிங்கிள் என்று போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அந்த அலுவலகத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அறிவிக்காத மனைவியைப் பிறகு அழைக்க முடியாது. விசா கிடைத்த பிறகு நடந்த கல்யாணத்துக்கும் பிறந்த குழந்தைக்கும் மட்டுமே விலக்கு.

பணக்கணக்கு: மாணவருக்கு ஆண்டுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர், துணைவருக்கு 10,394, பிள்ளைக்கு 4,449. பள்ளி வயதுப் பிள்ளை என்றால் பள்ளிச் செலவுக்கு இன்னொரு 13,502. பள்ளி வயதில் ஒரு பிள்ளை உள்ள மூவர் குடும்பத்துக்கு மொத்தம் 58,055 டாலர். ஃபீஸும் விமானச் செலவும் தனி. மூன்று வயதுக் குழந்தை என்றால் 44,553-இல் நிற்கும். மாணவரின் விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 டாலர், மறுத்தாலும் திரும்பாது. துணைவருக்கும் பிள்ளைக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. மருத்துவக் காப்பீட்டைக் குடும்ப பாலிசியாக எடுக்க வேண்டும். ஒருவர் பாலிசியைக் காட்டிலும் அது பல மடங்கு விலை. ஃபீஸை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் காப்பீட்டுத் தொகையை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கா: கூட வரலாம், சம்பாதிக்க முடியாது

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் எஃப்-2 என்ற விசா. படிப்பு எந்த நிலையானாலும் கிடைக்கும். பிள்ளைகள் பள்ளியில் முழுநேரம் படிக்கலாம். துணைவர் வேலை செய்யக் கூடாது, டிகிரிப் படிப்பை முழுநேரம் படிக்கவும் கூடாது. மாணவர் படிப்பு முடித்து ஓ.பி.டி. என்ற தற்காலிக அனுமதியில் வேலைக்குப் போனாலும் துணைவர் எஃப்-2-தான், வேலை இல்லை. ஆகவே ஒரு சம்பளமும் இல்லாத இரண்டு ஆண்டுக்குக் குடும்பத்தை நடத்தும் பணம் கையில் இருந்தால் மட்டுமே இது சரிப்படும். பிஎச்.டி.யில் உதவித்தொகை வாங்குகிறவர்கள் சிக்கனமாக ஓட்டிவிடுவார்கள். கடன் வாங்கி எம்.எஸ். படிப்பவர்களுக்கு நெருக்கடிதான். வேலைக்குப் போய்ப் பழகியவர் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதன் சுமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃப்-2-க்கு ஒவ்வொருவருக்கும் ஐ-20 என்ற தகுதிச் சான்றுப் படிவம் தனியாக வேண்டும். பல்கலைக்கழகத்திடம் கேட்டால் தரும். ஆளுக்கு எவ்வளவு கூடுதல் பணம் காட்ட வேண்டும் என்பதை அந்தப் பல்கலைக்கழகமே நிர்ணயிக்கும். 350 டாலர் செவிஸ் கட்டணம் (அரசின் மாணவர் பதிவேட்டுக்கானது) மாணவருக்கு மட்டும். 185 டாலர் விசாக் கட்டணம் எல்லோருக்கும். 2025 செப்டம்பர் முதல் சின்னக் குழந்தைகளும் நேர்காணலுக்கு நேரில் போக வேண்டியிருக்கிறது. மாணவருக்கு முன்னால் குடும்பம் உள்ளே நுழைய முடியாது.

ஜெர்மனி: மொழி தெரிந்தால் மலிவு

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபீஸ் இல்லை என்பதால் கணக்கே வேறு. மாணவர் பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ வைக்க வேண்டும். துணைவருக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்பதை அந்த ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம் வீட்டு வாடகையைப் பார்த்துச் சொல்லும். அதனால் முன்கூட்டியே ஒரு தொகை சொல்ல முடியாது. துணைவருக்குப் பொதுவாக ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ் வேண்டும். சென்னை கெதே இன்ஸ்டிடியூட்டில் தேர்வு எழுதலாம். குடும்பத்துக்குப் போதுமான வீடு இருப்பதையும் காட்ட வேண்டும். மாணவர் விடுதியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு இதைக் காட்ட முடியாது; இதனாலேயே ஜெர்மனிக்குக் குடும்பம் பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ பின்னால்தான் போகிறது.

போய்ச் சேர்ந்தால் துணைவர் தடையில்லாமல் வேலை செய்யலாம். இன்னொரு நன்மையும் உண்டு: 30 வயதுக்குக் கீழே, அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள மாணவரின் காப்பீட்டிலேயே வருமானமில்லாத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றிச் சேரலாம். பிரிட்டனின் 9,312 பவுண்டோடு இதை வைத்துப் பாருங்கள். மாணவருக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். இந்திய அபோஸ்டில் முத்திரையை (வெளிநாட்டில் செல்வதற்காக அரசு ஆவணத்தில் இடும் அத்தாட்சி) ஜெர்மனி ஏற்பதில்லை என்பதால், திருமண, பிறப்புச் சான்றிதழ்களை அவர்கள் தனியாகச் சரிபார்க்க வைப்பார்கள். அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

சேர்ந்தே போவதா, பின்னால் போவதா

நாடும் படிப்பும் முடிவானபின் மிச்சம் இருப்பது இந்த முடிவு. சேர்ந்தே விண்ணப்பித்தால் பணம் முழுவதையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ஒருவர் கோப்பில் சந்தேகம் வந்தால் எல்லோருடையதும் விழலாம். மாணவர் முன்னே போனால் அவருடைய கோப்பு எளிமையாகிறது; வீடு பார்த்து, பார்ட் டைம் வேலை தேடி, ஊர் பழகியபின் குடும்பம் வரும். ஆனால் தள்ளிப் போடப் போடத் துணைவரின் விசாவும் குட்டையாகும், ஏனென்றால் அது மாணவரின் விசாவோடு முடிகிறது. இரண்டாண்டுப் படிப்பில் ஒரு வருடம் தாமதித்தால், துணைவர் போய் வேலை தேடிப் பிடிப்பதற்குள் பாதி போய்விடும்.

எங்கள் கணிப்பு இது. ஆஸ்திரேலியாவில் மாஸ்டர்ஸ் என்றால் அறிவித்துவிட்டு மாணவர் முன்னே போய், முதல் செமஸ்டர் முடிவில் குடும்பம் போவது நல்லது. கனடாவில் 16 மாதப் படிப்பு என்றால் தாமதிக்க இடமே இல்லை, சேர்ந்தே போடுங்கள். பிரிட்டன் பிஎச்.டி.க்கும் சேர்ந்து போவதே மேல். அமெரிக்காவில் ஒரு வருடம் பொறுத்து, மாணவருக்கு உதவித்தொகையோ வேலையோ உறுதியானபின் பார்க்கலாம்.

துணைவர் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியராகவோ அரசு மருத்துவமனை நர்சாகவோ இருந்தால் இந்தக் கணிப்பு தலைகீழாகும். நிரந்தர அரசு வேலையை விட்டுவிட்டு அங்கே போய்க் கிடங்கில் பெட்டி அடுக்குவது எந்த நாட்டிலும் லாபமில்லை. சம்பளமில்லா விடுப்பு எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்த படி.

பணம்: சென்ட் கணக்கும் பேங்க் கணக்கும்

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்கிறது, கருங்கலில் ரோட்டோரம் பத்து சென்ட் இருக்கிறது என்பதெல்லாம் விசா அதிகாரிக்குப் பணமாகத் தெரியாது. ஆதாரம் (நிலப் பத்திரம்) எத்தனை கோடி மதிப்பானாலும், கணக்கில் எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் ரூபாய்தான் பணம். பிரிட்டனில் இந்த விதி கணிதம் போலக் கறாரானது: தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28-ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு 31 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. இருபதாம் நாள் கல்யாண மொய்க்காக ஐயாயிரம் எடுத்து, இருப்பு வரம்புக்கு ஐம்பது ரூபாய் கீழே இறங்கினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ரூபாய் மதிப்பு விழுந்தாலும் இதே கதி. ஆகவே தேவைக்கு மேல் பத்து சதவீதம் கூடுதலாக வையுங்கள். மாமனார் கணக்கிலுள்ள பணம் அங்கே செல்லாது. நம் குடும்பங்களில் பணம் பெரும்பாலும் பெண் வீட்டார் கணக்கில்தான் இருக்கும் என்பதால், இதை மாணவரின் கணக்குக்கோ துணைவரின் கணக்குக்கோ முன்னரே மாற்றி வைக்க வேண்டும்.

நகைக் கடன் வாங்கிப் பணம் போட்டால், ஸ்டேட்மென்ட்டில் ஒரே நாளில் பெரிய தொகை விழுந்திருக்கும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கும். நகைக் கடன் ரசீதைச் சேர்த்தே கொடுங்கள். மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. கல்விக் கடன் கடிதம் பெரும்பாலும் மாணவரின் ஃபீஸையும் அவருடைய செலவையும் மட்டுமே சொல்லும். குடும்பத்தின் பங்கு தனியே தெரிய வேண்டும்.

காகிதம்: பெயரில்தான் எல்லாம் சிக்கும்

நம் மாவட்டத்துக் கோப்புகளில் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். ஒரு மாதிரி பாருங்கள். தங்கராஜ் மகன் ஜெபராஜ். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘ஜெபராஜ் டி’. பாஸ்போர்ட்டில் முதற்பெயர் இடத்தில் ‘ஜெபராஜ் தங்கராஜ்’ என்று இரண்டும் சேர்ந்து, குடும்பப் பெயர் இடம் காலி. அப்பா பெயரை ஆங்கிலத்தில் சான்றிதழில் ‘ஜி’ போட்டும், பாஸ்போர்ட்டில் பழைய திருவிதாங்கூர் வழக்கப்படி ‘கே’ போட்டும் எழுதியிருக்கும். சபை கொடுத்த திருமணச் சான்றில் வீட்டுப் பெயரும் சேர்ந்து வரும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வெறும் ‘ஜெபராஜ்’. அதிகாரியின் மேசையில் இவர்கள் நான்கு பேர்.

இதை நோட்டரி அஃபிடவிட் ஒன்றால் மூடிவிடலாம் என்பார்கள். சின்ன எழுத்துப் பிழைக்கு அது போதும். ஆனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், அதை நகராட்சி அல்லது பேரூராட்சியிலேயே திருத்தி வாங்குவதே நல்லது. சில பிறப்புச் சான்றிதழ்களில் பிள்ளையின் பெயர் இடமே காலியாக இருக்கும். பெயர் சேர்க்காமல் பாஸ்போர்ட்டுக்குப் போகாதீர்கள். அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழும். அதன்பின் அங்கே லைசென்ஸிலும் பேங்கிலும் அதுதான் பெயர். போவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

சபையில் நடந்த கல்யாணமானாலும் கோயிலில் நடந்ததானாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ்தான் எல்லா நாட்டுக்கும் வசதி. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்கு மேல் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கல்யாணம் முடிந்து மூன்றே மாதத்தில் துணைவர் விசா போடுகிறவர்கள் சான்றிதழோடு நிற்காமல் நிச்சயதார்த்தப் படம், பத்திரிகை, இரு வீட்டாரும் உள்ள படங்கள், சேர்ந்து வாழும் முகவரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். விசாவுக்காகவே கட்டிய கல்யாணம் என்ற சந்தேகத்துக்கு அதுதான் பதில். திருமணச் சான்றிதழுக்கு அபோஸ்டில் போட்டே ஆக வேண்டும் என்று பணம் கேட்பவர்கள் உண்டு; பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்க விசாக்களுக்குப் பொதுவாக அது தேவைப்படுவதில்லை.

பயோமெட்ரிக், காசநோய்ப் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் சென்னைதான். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் எழும்பூர். குழந்தையோடு போகிறவர்கள் ஒரே நாளில் வி.எஃப்.எஸ். (விசா விண்ணப்ப மையம்), மருத்துவம் இரண்டையும் வைக்காதீர்கள். பிரிட்டனுக்கான காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். சேர்க்கைக் கடிதத்துக்காகக் காத்திருக்கும்போதே எடுத்துவிட்டு, பிறகு காலாவதியாகி இரண்டாவது தடவை எடுத்தவர்கள் உண்டு. கனடாவில் கைரேகை 14 வயது முதல். பிரிட்டனில் ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை வேண்டாம், படம் மட்டும். ஆனால் குழந்தை நேரில் போக வேண்டும். மைனர் பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுதான் செல்லும். பிள்ளைக்கு மூன்று வயதில் எடுத்தது எட்டில் முடியும்; அந்தத் தேதியை விசாக் காலத்தோடு வைத்துப் பார்த்து, தேவையானால் போவதற்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ‘28 நாளைக்குப் பணம் போட்டுத் தருகிறோம், இத்தனை சதவீதம் கொடுங்கள்’ என்று வருகிறவர்களைப் பற்றி. அந்த ஸ்டேட்மென்ட் போலி என்று பிடிபட்டால் பிரிட்டனில் பத்தாண்டுத் தடை வரலாம், கனடாவில் ஐந்தாண்டு, ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு. ஆஸ்திரேலியத் தடை விண்ணப்பித்தவரோடு நிற்காது. அதே கோப்பில் பெயர் உள்ள மனைவிமேலும் விழும். முந்தைய மறுப்பு உண்டா என்ற கேள்வி எல்லா நாட்டுப் படிவத்திலும் இருக்கிறது. அதற்கு ‘இல்லை’ என்று டைப் அடித்துவிட்டு உங்கள் கையெழுத்தை வாங்குகிறவரிடம் படிவத்தின் பிரதியைக் கேட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் வரிவரியாக வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.